பூட்டியவர் யார்?

கணினியை வைத்துப் பிழைப்பு நடத்துகிற எவரும் இந்நாளில் ஒரு செய்தியைப் பலமுறை வாசித்திருப்பார்: கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது, ஆகையால் இந்தக் காரியத்தை முடிக்க இயலாது. பெயர் மாற்றப் போனாலும், இடம் மாற்றப் போனாலும், வேண்டாமென்று அழிக்கப் போனாலும், சில வேளைகளில் சேமிக்கப் போனாலுங்கூட, சிறிய பெட்டியொன்று திரையின் நடுவே தோன்றி இதைச் சொல்லிவிட்டு, மறுபடி முயல்வதற்கு ஒன்றும் விட்டுவிடுவதற்கு ஒன்றுமாக இரண்டு பொத்தான்களை நம் முன் வைத்து நிற்கிறது. பெரிய உத்தியோகஸ்தர், சிறிய குமாஸ்தா என்ற பேதமின்றி எல்லாரும் இதற்குச் செய்யும் பரிகாரம் ஒன்றே. மூன்று நான்கு தடவை மறுபடி முயல்வார்கள். பிறகு யந்திரத்தை வைவார்கள். கடைசியில் மின்பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அதை அணைத்துவிடுவார்கள். இந்தப் பரிகாரம் பெரும்பாலும் பலித்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள அபாயம்.

அபாயம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பூட்டப்பட்ட கோப்பு கெட்டுப்போன கோப்பு அன்று. வைரஸ் புகுந்த கோப்பும் அன்று. எங்கோ ஒருவர், அல்லது எங்கோ ஒரு நிரல், அதைத் தன் வசம் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்பதற்கு மேல் அந்தச் செய்திக்கு அர்த்தம் கிடையாது. அந்த வேலை பாதியில் நிற்கும்படி யந்திரத்தை அணைப்பவர், தமது காரியம் நடக்க வேண்டும் என்பதற்காகப் பிறர் காரியத்தை, சில சமயம் தம்முடைய காரியத்தையே, அறியாமல் பாழாக்குகிறார். ஆகையால் இந்த விஷயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது இதுதான்: பூட்டைக் கண்டதும் அதை எப்படி உடைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், பூட்டியவர் யார் என்று விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைக்குரிய விடை ஏறக்குறைய எப்போதும் கணினிக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அது பெரும்பாலும் நம்மிடம் சொல்வதில்லை. சொல்லும்படி செய்வது மென்பொருள் எழுதுவோர் கடமை. கேட்கத் தெரிந்துகொள்வது நம் கடமை.

பூட்டு என்ற ஏற்பாடு ஏன் தோன்றியது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு கிடங்கில் 100 மூட்டை சிமெண்ட் இருப்பதாகப் பேரேட்டில் எழுதியிருக்கிறது. இரண்டு குமாஸ்தாக்கள் அந்தப் பக்கத்தைத் தனித்தனியே நகல் எடுத்துக்கொண்டு தத்தம் மேசைக்குப் போகிறார்கள். ஒருவர் புதிதாக வந்து இறங்கிய 20 மூட்டையைச் சேர்த்து 120 என்று எழுதுகிறார். மற்றவர் விற்றுப்போன 30 மூட்டையைக் கழித்து 70 என்று எழுதுகிறார். பிறகு இருவரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, ஏட்டிலிருக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தம் நகலை அங்கே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். கிடங்கில் உள்ளவை 90 மூட்டை. ஏட்டில் நிற்பதோ, கடைசியில் ஒட்டியவர் யார் என்பதைப் பொறுத்து, 120 அல்லது 70. இருவரும் கணக்கில் பிழை செய்யவில்லை, இருவரும் யோக்கியர்கள், ஆயினும் ஏடு பொய்யாகிவிட்டது. எக்ஸெலிலோ வேர்டிலோ ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, சேமிப்பது என்பது நடைமுறையில் இப்படிப் பக்கத்தை நகலெடுத்துத் திரும்ப ஒட்டுகிற காரியமே. ஒருவர் ஒட்டி முடிக்கும்வரை மற்றவர் நகலெடுக்கலாகாது என்று தடுப்பதற்குத்தான் பூட்டு.

இந்தப் பிரச்சினை கணினி விஞ்ஞானிகளை ஆதியிலிருந்தே வாட்டிவந்திருக்கிறது. ஒரே பொருளை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தீண்டாமல் காப்பது எப்படி என்பதற்கு 1965இல் டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட விடை ஒரு பக்க அளவே உள்ள சிறு கட்டுரைதான். அதன்மேல் எழுந்த சாஸ்திரமோ மிகப் பெரிது. தரவுத்தளங்களில் எதைப் பூட்டுவது, முழு அட்டவணையையா ஒரு வரியையா, எவ்வளவு நேரம் பூட்டுவது என்ற விவரங்களையெல்லாம் 1970களில் ஆராய்ந்து வகுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஜிம் கிரே. 1998இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்ததும் இந்தத் துறையில் ஆற்றிய பணிக்காகவே. ரயிலில் ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு விற்காமல் இருப்பதும், ஒரே வங்கிக் கணக்கில் இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் பணம் எடுத்தாலும் இருப்பு சரியாக நிற்பதும் இவர்கள் வகுத்த முறையின் பயன். நமக்கு எரிச்சலூட்டும் அந்தச் சிறு பெட்டியும் அதே குலத்தைச் சேர்ந்தது என்பதை நினைத்தால் கோபம் சற்றுத் தணியும்.

1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிறு கணினியோடு டாஸ் என்னும் இயங்குதளம் வெளிவந்தபோது, அந்த யந்திரத்தில் ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் ஓடிற்று. ஒருவருக்கு மேல் இல்லாத இடத்தில் பூட்டுக்கு அவசியம் ஏது? கணினிகளைக் கம்பியால் இணைத்துக் கோப்புகளைப் பொதுவில் வைக்கும் காலம் நெருங்கியபோது, 1984இல் வந்த டாஸ் 3.0 பதிப்பில், ‘ஷேர்’ என்ற பெயரிலேயே ஒரு துணை நிரலைச் சேர்த்தார்கள். பின்னர் 1993இல் வெளியான விண்டோஸ் என்.டி.யில் இந்த ஏற்பாடு அடித்தளத்திலேயே அமைந்துவிட்டது. அதன் விதி எளிமையானது. ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது, தான் அதை என்ன செய்யப் போகிறது என்பதோடு, தான் வைத்திருக்கும் நேரத்தில் பிறர் அதை வாசிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்னும் மூன்றுக்கும் தன் சம்மதத்தையோ மறுப்பையோ சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் பூஜ்யம் என்று எழுதினால் மூன்றுக்கும் மறுப்பு. நிரல் எழுதுகிறவர் யோசித்து மறுப்பதும் உண்டு. யோசிக்கச் சோம்பிப் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. வாசிப்பதற்காக மட்டும் திறந்த ஒரு படத்தையோ பாட்டையோ பெயர் மாற்றக்கூட முடியாமல் நாம் தவிக்கும்போது, அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தச் சோம்பல்தான்.

எல்லாக் கணினிகளும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் பரம்பரையில் வந்தவை, லினக்ஸ் முதலானவை, கோப்பின் பெயர் வேறு, கோப்பின் உடல் வேறு என்ற கொள்கையுடையவை. ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றவர் அழித்தால் பெயர் உடனே போய்விடும். உடல் மட்டும், திறந்திருப்பவர் மூடும்வரை, வட்டில் உயிரோடிருக்கும். பூட்டுவதும் அங்கே பெரும்பாலும் ஒரு வேண்டுகோள் அளவில்தான். கேட்க விரும்புகிற நிரல் கேட்கும், விரும்பாதது தன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போகும். தடை குறைவு என்று இதைப் புகழ்வோர் உண்டு. ஆனால், பெரியதொரு பதிவுக் கோப்பை அழித்த பிறகும் வட்டில் இடம் காலியாகாமல் விழிக்கும் நிர்வாகிக்கும், தாம் எழுதியதன்மேல் சக ஊழியர் எழுதிச் சேமித்துவிட்டதை மறுநாள் காணும் ஆசிரியருக்கும் அந்தச் சுதந்திரத்தின் விலை தெரியும். இரண்டில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டிலும் துன்பம் வரும்போது, கோப்பு யார் வசம் இருக்கிறது என்று அறிந்தால்தான் அது தீரும் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே போகிறேன்.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். பூட்டு என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிற தொல்லைகள் உண்மையில் நான்கு வகை. கோப்பு பிறர் வசம் இருப்பது ஒன்று. விண்டோஸ் இதற்கு 32 என்று எண் கொடுத்திருக்கிறது. நமக்கு அனுமதியே இல்லாதிருப்பது இரண்டாவது. அதன் எண் 5. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்பு என்று கணினி முத்திரையிட்டுத் தடுத்து வைத்திருப்பது மூன்றாவது. கடவுச்சொல்லால் மூடப்பட்டிருப்பது நான்காவது. முதல் வகைக்கு உரிய சிகிச்சையை இரண்டாம் வகைக்குச் செய்து பொழுதைப் போக்குகிறவர்கள் ஏராளம். அனுமதி இல்லாத கோப்பை நூறு முறை ரீஸ்டார்ட் செய்து திறக்க முயன்றாலும் அது திறக்காது. ஆதலின் செய்தியை முழுதும் வாசிப்பதும், எண் இருந்தால் அதைக் குறித்துக்கொள்வதும் முதல் படி. இங்கே நான் பேசுவது முதல் வகையைப் பற்றி.

கோப்பைப் பிடித்து வைத்திருப்பவர் பல தடவை நாமாகவே இருப்போம். மூன்று நாளாக மூடாமல் சுருக்கி வைத்த ஒரு சாளரத்தில் அது திறந்திருக்கும். எக்ஸெல் திடீரென்று நின்றுபோய் மறைந்திருக்கும். திரையிலிருந்துதான் மறைந்திருக்கும், உள்ளே ஓடிக்கொண்டேயிருக்கும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அதன் பெயர் பட்டியலில் நிற்பதைக் காணலாம். அல்லது, கோப்புகளின் பட்டியலுக்கு வலப்புறம் முன்தோற்றம் காட்டும் பகுதியை நாம் திறந்து வைத்திருப்போம். அழிப்பதற்காக ஒரு பி.டி.எஃப். கோப்பின்மேல் சுட்டியை வைத்து அழுத்தியவுடனே, அதன் முதல் பக்கத்தைக் காட்டும் ஆவலில் அந்தப் பகுதி கோப்பைத் திறந்துவிடும். திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியாது என்று கணினி நம்மிடமே சொல்லும். ஆல்ட் விசையோடு பி எழுத்தை அழுத்தி அந்தப் பகுதியை மூடினால் தொல்லை ஒழிந்தது. ஆன்டிவைரஸ் நிரல் சோதித்துக்கொண்டிருப்பது, மேகச் சேமிப்புக்குப் பிரதி ஏறிக்கொண்டிருப்பது, தேடலுக்காகக் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பணி நடப்பது ஆகியவையும் காரணமாகலாம். இவற்றுக்கு ஒரு நிமிஷம் பொறுப்பதே போதும்.

பொறுத்தும் தீராதபோது கணினியையே கேட்க வேண்டும். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ‘ரெஸ்மான்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் ரிசோர்ஸ் மானிட்டர் என்னும் கருவி திறக்கும். அதில் சி.பி.யூ. என்ற பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு தேடல் கட்டம் இருக்கிறது. கோப்பின் பெயரில் ஒரு பகுதியை அதில் அடித்தால், அதை வைத்திருக்கும் நிரல்கள் வரிசையாக வந்து நிற்கும். விண்டோஸோடு கூடவே வருகிற இந்தக் கருவிக்குத் தனியே காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்புவோருக்கு மார்க் ருசினோவிச் எழுதிய பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் இருக்கிறது. மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பைப் போட்டுக்கொண்டவர்களோ கோப்பின்மேல் வல அழுத்தம் கொடுத்தே யார் வசம் இருக்கிறது என்று கேட்டுவிடலாம். கோப்பு சர்வரில் இருந்தால், சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட் கருவியில் பகிர்ந்த கோப்புறைகள் பகுதிக்குப் போய், திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலை எடுத்தால், எந்தக் கோப்பை எந்தப் பயனாளர் வைத்திருக்கிறார் என்பது அப்படியே தெரியும்.

நம்முடைய அலுவலகங்களில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மாதத்தின் இருபதாம் தேதி, ஜி.எஸ்.டி. படிவம் போட்டாக வேண்டிய கடைசி நாள். ஆடிட்டர் ஆபீசில் விற்பனைக் கணக்கு எக்ஸெல் கோப்பாகப் பொதுவில் கிடக்கிறது. உதவியாளப் பெண் அதைத் திறக்கிறார். ‘அட்மின்’ என்பவர் இதைத் திருத்திக்கொண்டிருப்பதால் பூட்டப்பட்டிருக்கிறது என்று செய்தி வருகிறது. அட்மின் என்பவர் யார்? அந்த ஆபீசில் அப்படி ஒருவரும் கிடையாது. கணினிகளை நிறுவிக் கொடுத்த மனிதர் எட்டுக் கணினிகளிலும் பயனாளர் பெயர் என்ற இடத்தில் அதையே அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக எட்டுப் பேரும் அட்மின். அந்தப் பெண் மேசை மேசையாகப் போய், “சார், சேல்ஸ் பைலை நீங்க திறந்து வச்சிருக்கீங்களா? கொஞ்சம் மூடிடுங்க சார்” என்று கேட்டுக்கொண்டு வருகிறார். எல்லாரும் இல்லை என்கிறார்கள். உண்மையில் திறந்து வைத்தவர் திரையை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். கெடு நெருங்குகிற அவசரத்தில் அந்தப் பெண், வாசிக்க மட்டும் என்ற நிலையில் கோப்பைத் திறந்து, தம் திருத்தங்களைச் செய்து, ‘சேல்ஸ் ஃபைனல்’ என்று வேறு பெயரில் சேமிக்கிறார். டீ குடித்துவிட்டு வந்தவர் பழைய கோப்பிலே தம் திருத்தங்களைத் தொடர்கிறார். மாலையில் ‘சேல்ஸ் ஃபைனல் 2’ பிறக்கிறது. பேரேடு இரண்டுபட்டுவிட்டது. பூட்டு எந்த விபத்தைத் தடுக்க ஏற்பட்டதோ, அந்த விபத்தைப் பூட்டைச் சுற்றிக்கொண்டு போய் நாமே வரவழைத்துவிட்டோம்.

இந்தக் கதையில் கணினி தன் கடமையைச் செய்தது, பெயரைச் சொல்லிற்று. வேர்டும் எக்ஸெலும் ஒரு கோப்பைத் திருத்தத் திறக்கும்போது, அதே கோப்புறையில், அலைக்கோடும் டாலர்க் குறியும் முன்னால் வைத்த பெயரோடு, மறைவான சிறு கோப்பு ஒன்றை உண்டாக்கி, அதனுள் திறந்தவர் பெயரை எழுதிவைக்கின்றன. அடுத்து வருபவருக்கு அந்தப் பெயர்தான் காட்டப்படுகிறது. நிரல் ஒழுங்காக மூடப்பட்டால் அந்தச் சிறு கோப்பும் அழிந்துவிடும். மின்சாரம் போய் அணைந்தாலோ எஞ்சி நின்றுவிடும். நம் கோப்பை நாமே பூட்டியிருப்பதாக நம் பெயரைச் சொல்லியே செய்தி வருவது பெரும்பாலும் இதனால்தான். ஒருவரும் திறந்திருக்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகு அதை அழித்துவிடலாம். ஆனால், எழுதப்படுகிற பெயரோ நாம் கொடுத்த பெயர். கோப்பு என்ற பட்டியலில் விருப்பங்கள் என்பதைத் திறந்து, பொது என்ற பிரிவில், பயனாளர் பெயர் என்ற கட்டத்தில் அவரவர் பெயரை அடிப்பதற்கு ஒரு கணினிக்கு ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்திருந்தால் அந்தப் பெண் ஒரே மேசைக்குப் போயிருப்பார். மூடப்பட்டதும் எனக்குச் சொல் என்று கேட்டுக்கொள்ளும் பொத்தானையும் அந்தப் பெட்டி காட்டுகிறது. அதை அழுத்துபவர் அரிது.

பூட்டை வலிந்து திறக்கும் வழிகளும் இல்லாமல் இல்லை. கோப்பைப் பிடித்திருக்கும் நிரலை முடித்துவிடுவது ஒன்று; அதில் சேமிக்காத வேலை இருந்தால் அது போகும், அவ்வளவே. நிரலை ஓடவிட்டு அதன் பிடியை மட்டும் அறுத்துவிடுவது மற்றொன்று. பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் இதற்கு வசதி உண்டு, பூட்டைத் திறக்கும் நிரல் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் பல இதைத்தான் செய்கின்றன. இதில் உள்ள ஆபத்தை அறிந்தவர் குறைவு. ஒவ்வொரு நிரலுக்கும், அது திறந்த கோப்புக்கு அடையாளமாகக் கணினி ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறது. நாம் பிடியை அறுத்தது அந்த நிரலுக்குத் தெரியாது. பழைய எண்ணை வைத்துக்கொண்டே அது எழுத முற்படும். அதற்குள் அந்த எண் அதே நிரலில் வேறொரு கோப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், இங்கே எழுத வேண்டியது அங்கே போய் விழும். பூட்டைத் திறந்தவர் ஒரு கோப்பைத் திறந்தார். கெட்டது சம்பந்தமே இல்லாத இன்னொரு கோப்பு. ஆகையால் விசாரித்தல், மூடச் சொல்லுதல், பொறுத்தல், நிரலை முடித்தல், கடைசியில் கணினியை முறைப்படி ரீஸ்டார்ட் செய்தல் என்ற கிரமத்தைத் தாண்ட வேண்டிய நிர்ப்பந்தம் சாதாரண மனிதருக்கு ஏற்படுவதே இல்லை என்று சொல்லலாம். ரீஸ்டார்ட் என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு: விண்டோஸ் 8 முதல் பல கணினிகளில் ஷட் டவுன் கொடுத்தால் அது தன் உட்பகுதியின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறதே தவிர முழுவதும் அணைவதில்லை, ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

இதுவரை சொன்னது நம் கடமை. மென்பொருள் எழுதுவோர் கடமையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பெயரைச் சொல்வது சாத்தியமில்லை என்று அவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. பென் டிரைவை எடுக்கப் போகும்போது, சாதனம் உபயோகத்தில் இருக்கிறது, பிறகு முயலுக என்று விண்டோஸ் சொல்கிறது; யார் உபயோகத்தில் என்று சொல்வதில்லை. ஆனால் அதே கணத்தில், ஈவெண்ட் வியூவர் என்னும் தன் நாட்குறிப்பில், 225 என்ற எண்ணிட்டு, இன்ன நிரல் இந்தச் சாதனத்தை எடுக்கவொட்டாமல் தடுத்தது என்று அந்த நிரலின் பெயரையும் எண்ணையும் எழுதிவைக்கிறது. தனக்காக எழுதிவைக்கத் தெரிந்ததை எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லத் தெரியாதா? ஒரு கோப்பை எந்தெந்த நிரல்கள் வைத்திருக்கின்றன என்று கேட்டால் பட்டியல் கொடுக்கும் ஏற்பாடு, ரீஸ்டார்ட் மேனேஜர் என்ற பெயரில், விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே இருக்கிறது. எந்த நிரலும் அதைக் கேட்கலாம். கேட்டுச் சொல்லும் நிரல்கள் மிகக் குறைவு. இன்னும் மோசமானது கோப்புறையின் கதை: இதிலோ இதனுள் இருக்கும் ஏதோ ஒரு கோப்பிலோ யாரோ வேலை செய்கிறார் என்று செய்தி வரும்போது, ஆயிரம் கோப்புகளில் அது எது என்பதுகூட நமக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். நிரலாளர்கள் உபயோகிக்கும் விம் என்ற தொகுப்பான், 1991 முதல் வழங்கிவருவது. ஒரு கோப்பை இன்னொருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது அதைத் திறந்தால், திறந்தவர் யார், எந்தக் கணினியில், எப்பொழுது, சேமிக்காத திருத்தம் இருக்கிறதா, அவருடைய நிரல் இன்னும் ஓடுகிறதா என்று வரிவரியாகச் சொல்லிவிட்டு, நம் விருப்பத்தைக் கேட்கிறது. அதனினும் மூத்த ஈமாக்ஸ், பூட்டியவர் பெயரையும் கணினியையும் சொல்லி, பூட்டைப் பறித்துக்கொள்ளலாம், பறிக்காமலே திருத்தலாம், விலகிவிடலாம் என்று மூன்று வழி காட்டுகிறது. கட்டடப் படம் வரைவோர் கையாளும் ஆட்டோகேட், படத்தின் பக்கத்திலேயே டி.டபிள்யூ.எல். என்ற சிறு கோப்பில் திறந்தவர் பெயரையும் கணினியின் பெயரையும் நேரத்தையும் குறித்துவைக்கிறது. இவற்றில் எதுவும் நேற்று வந்த நூதனம் அன்று. பல பத்தாண்டுகளுக்கு முன்னரே சிலருக்குச் சாத்தியமாயிருந்தது மற்றவர்களுக்கு இன்றும் சாத்தியமாகவில்லை என்றால், அது அக்கறையின்மை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். எல்லாம் மேகத்துக்குப் போய்விட்டன, கூகுள் டாக்ஸில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் எழுதுகிறார்கள், இனிப் பூட்டு எதற்கு என்பது ஒன்று. அந்த வசதி உண்மைதான். ஒவ்வோர் எழுத்தின் திருத்தத்தையும் உடனுக்குடன் இணைத்துச் செல்லும் அந்த வித்தை பாராட்டுக்குரியது. ஆனால் அது அதற்கென்றே அமைந்த ஆவணங்களுக்கு மட்டும். எக்ஸெல் கோப்பை இருவர் சேர்ந்து திருத்த வேண்டுமானாலும் அது பெரும்பாலும் மைக்ரோசாப்டின் மேகச் சேமிப்பில் இருந்தாக வேண்டும். ஆபீசின் பொதுக் கோப்புறையில் இருந்தால் பழைய பூட்டுதான். கல்யாண வீடியோவும், அச்சகத்தின் பக்க வடிவமைப்பும், கணக்கு மென்பொருளின் தரவும், பொறியாளரின் வரைபடமும் ஒருவர் வைத்திருக்கும்போது மற்றவர் தொடக்கூடாத கோப்புகளாகவே இருக்கின்றன, இருக்கும். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: யார் எதைத் திறந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் அறிவிப்பது ரகசியத்துக்குப் பங்கமாகாதா? ஆகும், சில இடங்களில். ஒரே கணினியைப் பலர் பங்கிடும் இடத்தில் ஒருவர் என்ன நிரல் ஓட்டுகிறார் என்பது மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு கோப்பைத் திருத்த அனுமதி பெற்ற சிலருக்குள், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்பது ரகசியம் ஆகாது. பெயர் சொல்லக் கூடாத இடத்தில், இந்தக் கணினியின் மற்றொரு பயனாளர் என்றாவது சொல்லலாம். எங்கே போய் விசாரிப்பது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் அன்று. கணினிப் பயிற்சி நிலையங்கள் கடிதம் அடிக்கவும் அட்டவணை போடவும் கற்பிக்கிற மாதக்கணக்கான பாடத்தில், பூட்டிய கோப்பை விசாரிக்கும் முறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். அலுவலகத் தலைவர்கள் ஒவ்வொரு கணினிக்கும் அதில் உட்காருபவரின் உண்மையான பெயரைக் கொடுக்கச் சொல்லட்டும். வீட்டுக்குப் போகுமுன் பொதுக் கோப்புகளை மூடிவிட்டுப் போவதை ஒழுங்காக்கட்டும், ஏனென்றால் எளிய முறையில் இரவில் பிரதி எடுக்கும் பல நிரல்கள் திறந்திருக்கும் கோப்பைத் தாண்டிப் போய்விடுகின்றன. நாள் முழுதும் உழைத்துத் திருத்திய கோப்புக்கே அன்றிரவு பிரதி இல்லாமற் போகிறது. மென்பொருள் வாங்கும் அரசுத் துறைகளும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும், பக்கம் பக்கமாக எழுதும் ஒப்பந்த நிபந்தனைகளோடு, கோப்பு பிறர் வசம் இருந்தால் யார் வசம், எந்தக் கணினியில், எப்போதிலிருந்து என்பதைப் பயனாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரியையும் சேர்க்கட்டும். பெரிய வாடிக்கையாளர் நிபந்தனையாகக் கேட்டால் மென்பொருள் நிறுவனங்கள் செய்து கொடுக்கும். தனிமனிதர் திரையைப் பார்த்து வைவதைக் கேட்டு ஒரு நிறுவனமும் திருந்தாது. அந்த ஒரு வரியைச் சேர்க்கச் செலவு கிடையாது. சேர்க்காததன் செலவை, மாதந்தோறும் கணக்கு முடிக்கிற நாளில், நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.